பத்துப் பவுன் பாட்டுப்பெட்டி

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த தம்பிதுரைக்குப் பாட்டில் ஆர்வம் கிடையாது. விலையில்தான் ஆர்வம். 1996-இல் வீட்டுப் பரணை ஒழித்தபோது அவருடைய அப்பாவின் கிராமபோன் கிடைத்தது. பெட்டிக்குள் ரசீதும் இருந்தது: 1928, நூற்று முப்பது ரூபாய்.

அன்றிலிருந்து மனிதர் பொருளாதார மேதையாகிவிட்டார்.

"அன்னிக்குப் பவுன் பதிமூணு ரூவா. அப்ப இது பத்துப் பவுன். இன்னிக்குப் பவுன் நாலாயிரம். நாப்பதாயிரம் கனகம், பரண்மேல தூங்கிட்டு இருந்திருக்குது!"

மனைவி கனகம் ஒட்டடையைத் துடைத்துக்கொண்டே, "பாடுதுங்களா?" என்றாள்.

பாடவில்லை. ஸ்பிரிங் அறுந்திருந்தது. அந்த அற்ப விஷயமெல்லாம் மேதையின் கணக்கில் வராது.

உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த அமீர் ஹம்சாவிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார், குழலைத் தட்டிப் பார்த்தார்.

"மூவாயிரம் தர்றனுங்ண்ணா. ஸ்பிரிங் மாத்தோணும்."

"ஏனுங்க பாய், எங்கப்பன் இதை வாங்குன காசுக்கு அன்னிக்கு ஒரு ஏக்கராப் பூமி வந்திருக்கும். இன்னிக்கு ஏக்கரா ரெண்டு லட்சமுங்க!"

"அப்ப உங்கப்பா பூமியே வாங்கியிருக்கலாமுங்களே" என்றார் அமீர் ஹம்சா, மிக மரியாதையாக.

தம்பிதுரைக்கு முகம் சுண்டிப்போனது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் பல்லடம் வந்து சேரும்வரை, செத்துப்போன அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தார். தோட்டம் வாங்க வேண்டிய மனுசன் உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறார்!

ஆனாலும் விலையைக் குறைக்கவில்லை. பவுன் ஏறினால் பெட்டியும் ஏறும். பவுன் இறங்கினால் அன்றைக்கு நில விலைக்குத் தாவிவிடுவார். விருந்தாளி காப்பி குடித்து முடிப்பதற்குள் லட்சத்தைத் தாண்டிவிடும். வாங்கத்தான் ஆளில்லை.

இரண்டு வருடம் பொறுத்தாள் கனகம். கணவர் தீவனம் வாங்க நாமக்கல் போன ஒருநாள் அமீர் ஹம்சாவுக்குப் போன் போட்டாள். அவர் வந்து, அன்று சொன்ன மூவாயிரத்தைக் கையில் கொடுத்துப் பெட்டியை எடுத்துப்போனார். சாயங்காலமே கனகம் மிக்ஸி வாங்கிவிட்டாள்.

திரும்பி வந்த தம்பிதுரை குதித்தார். "லட்ச ரூவாப் பெட்டிய மூவாயிரத்துக்கு வித்துப்போட்டயா?"

"லட்சத்துக்குக் கேட்டவிங்க ஒருத்தர் பேரச் சொல்லுங்க. இப்பவே போயித் திருப்பி வாங்கியாரேன்."

தம்பிதுரை தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் மிக்ஸி இருந்த பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில், இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி இருக்கிறதா என்று கேட்டார்.