வழியில் பார்த்த சொல்

நேற்றுக் காலை, சென்னை லஸ் முனையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்துச் சுவரில் ஒருவர் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து மைதாப் பசையின் புளித்த வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். நான் இரண்டடி கிட்டே போய் நின்றேன். இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த வாடை என்றால் மூன்றாம் வகுப்புதான். நான் படித்த மூன்றாம் வகுப்பு இல்லை, பாடம் நடத்திய மூன்றாம் வகுப்பு.

தொண்ணூறுகளின் நடுவில், அடையாற்றங்கரை ஓரமாக ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, பாண்டி பஜாரில் ஆப்பிள், ஏரோப்ளேன் படம் போட்ட அட்டைகள் வாங்கிக்கொண்டு பெருமையாகப் போய் இறங்கினேன். பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். படத்தைக் கையால் மறைத்தால் முழித்தார்கள். பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தவர்களும் உண்டு. எனக்கோ அவர்கள் பேச்சே பிடிபடவில்லை. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, பாலத்தைத் தாண்டினால் வேறு தமிழ் இருக்கிறது என்று தெரியாமலே பட்டம் வாங்கியவள் நான். ஒருவனிடம் அப்பா எங்கே என்று கேட்டதற்கு, நாஷ்டாவுக்குப் போயிருப்பதாகச் சொன்னான். ஏதோ ஊர் என்று நினைத்து, எப்போது திரும்புவார் என்று கேட்டேன். நாஷ்டா என்றால் காலைப் பலகாரமாம்; அன்று முழுக்க வகுப்பு சிரித்தது.

அட்டைகளை மூட்டை கட்டிவிட்டு, வழிச்சொல் என்று ஒரு விளையாட்டை ஆரம்பித்தேன். பள்ளிக்கு வரும் வழியில் கண்ணில் படும் ஒரு சொல்லை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். கரும்பலகையில் எழுதி, வாசித்து, எங்கே பார்த்தது என்று சொல்லி, அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். நல்ல சொற்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். பசை காய்ச்சித் தருவது சத்துணவு ஆயா. சோறாக்குவதா, உன் சுவருக்குக் கஞ்சி காய்ச்சுவதா என்று முணுமுணுத்துக்கொண்டே காய்ச்சுவார். பசை ருசிக்குக் கரப்பான் பூச்சிகள் வந்து பாதிச் சொற்களைத் தின்றுவிட்டுப் போகும். அதற்கும் சேர்த்து மறுநாள் எழுதுவோம்.

நான் எதிர்பார்த்தது மலர், பறவை. வந்தது வட்டிக்கடை, மூலம், பௌத்திரம், சிறுநீர் கழிக்காதீர். தலைமையாசிரியை ஒருநாள் சுவரைப் பார்த்துவிட்டு, இது வகுப்பா மூத்திரச் சந்தா என்று கேட்டார். ஆனால் பிள்ளைகள் வாசித்தார்கள். படத்தை அல்ல, எழுத்தை.

மஞ்சுளா ஒருத்திக்குத்தான் வரவில்லை. ஒல்லியான பெண், இடுப்பில் எப்போதும் ஒரு தம்பி. முன்பிருந்த ஆசிரியர் மக்கு என்று முத்திரை குத்திவிட்டுப் போயிருந்தார். அவள் சொல்லை உள்ளங்கையில் பேனாவால் வரைந்துகொண்டு வருவாள். வரைவது என்றால் நிஜமாகவே வரைவது. பெயின்ட் வழிந்திருந்தால் அந்த வழிசல், சுவர் விரிசல் விட்டிருந்தால் அந்த விரிசல், எல்லாம் அப்படியே கரும்பலகைக்கு வரும். வாசி என்றால் தலை குனிந்துவிடும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவளை மட்டும் உட்கார வைத்து, அவள் வரைந்த சொற்களையே எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டினேன். பொங்கல் கழிந்து ஒருநாள், சோடா என்று தானாகக் கூட்டினாள். அவள் அம்மா மந்தைவெளியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். சேதி கேட்டு வேலையை விட்டு ஓடி வந்தார். "இது படிக்கும்ன்றாங்கோ, மெய்யாவா டீச்சர்?" என்று கேட்டார். மெய்தான் என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாள் கழித்து, மஞ்சுளா முழங்கை வரைக்கும் மையோடு வந்தாள். இன்றைக்கு ஒரு சொல் இல்லை, முழு போர்டு என்றாள். கையைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். பிறகு விரல் வைத்து, நிறுத்தாமல் வாசித்தாள்.

"இவ்விடத்தில் உள்ள குடிசைகள் விரைவில் அகற்றப்படும்."

அவள் வாழ்க்கையில் வாசித்த முதல் முழு வாக்கியம். வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் என்ன வாசித்தாள் என்பது எனக்கு உறைத்தது. எங்கே பார்த்தாய் என்று கேட்டேன்.

"எங்க ஊட்டாண்ட. புச்சா போர்டு நட்டுக்கிறாங்கோ. யாருக்கும் படிக்கத் தெர்ல, நான்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். கேட்டதும் எங்கம்மா உள்ள போயிடுச்சு." கரும்பலகையில் கடைசிச் சொல்லைத் தொட்டு, "அகற்றப்படும்னா இன்னா டீச்சர்?" என்று கேட்டாள்.

அகராதியில் இருப்பதைத்தான் சொன்னேன். எடுத்துவிடுவார்கள் என்று அர்த்தம் என்றேன். இன்றைக்கு வாக்கியம் வேண்டாம், போய் உட்கார் என்றும் சொன்னேன். அவள் போகவில்லை. விளையாட்டில் தன் முறையை விட்டுக்கொடுக்க மனமில்லை. யோசித்துச் சொன்னாள்: "எங்கள் வீடு அகற்றப்படும்."

எழுத்துத் தமிழில், ஒரு பிழை இல்லாமல். வகுப்பில் ஒருவரும் கைதட்டவில்லை.

கோடை விடுமுறைக்கு முன்பே லாரிகள் வந்துவிட்டன. நகருக்கு வெளியே, பள்ளிக்கரணைக்கும் அப்பால் எங்கோ இடம் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் வகுப்பில் முக்கால்வாசி காலி. மிச்சமிருந்த நாலைந்து பேரை முன்பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டு, ஆண்டு முடியும் வரை பாடம் நடத்தினேன். அந்த நாட்களில் கரும்பலகைப் பக்கம் திரும்பவே எனக்குப் பிடிக்காது.

மழைக்காலத்தில், மந்தைவெளி நிறுத்தத்தில் மஞ்சுளாவின் அம்மாவைப் பார்த்தேன். விடியுமுன் கிளம்பி இரண்டு பேருந்து மாறி, பழைய வீடுகளுக்கே வேலைக்கு வந்து போகிறாராம். எந்த வண்டி என்று என்னைத்தான் கேட்டார். மஞ்சுளா எங்கே என்றேன்.

"தம்பிய பாத்துக்கினு ஊட்ல கீது. அங்க இன்னும் இஸ்கூல் கட்டல டீச்சர். அது கூட வந்தா போர்டு பாத்துச் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு அனுப்புங்கள், நான் சொல்லித் தருகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து எட்டு வயதுப் பெண்ணை யார் அனுப்புவார்கள்? பேருந்து வந்தது. பலகையை வாசித்துச் சொல்லி ஏற்றிவிட்டேன். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

பிள்ளைகள் இல்லை என்று சில வருடங்களில் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். ஆற்றங்கரையில் இப்போது கம்பி வேலி, உள்ளே பூச்செடிகள். மஞ்சுளாவுக்கு நாற்பதை நெருங்கும் வயது இருக்கும். அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கலாம் என்றால், அவளைத் தெரிந்த ஒருவர்கூட இந்தப் பக்கம் மிச்சமில்லை.