வரைபடத்தில் பச்சை

எங்கள் தோட்டத்துச் சுடுகாடு பறிபோனதில் எனக்கும் பங்கு உண்டு. ஊரில் எல்லோரும் வீடமைப்பு நிறுவனத்தைத் திட்டுவார்கள், அதிகாரிகளைத் திட்டுவார்கள். நானும் சேர்ந்து திட்டிவிட்டு வருவேன்.

ஆற்றோரம் இனி வீடுகள் வரக்கூடாது என்று மேலே முடிவெடுத்தார்கள். கம்போங் குவாந்தான் பக்கம் கரை மரங்களில் மின்னும் மின்மினிகள் பிழைக்க வேண்டுமே. நல்ல முடிவுதான். மின்மினிகளோடு எனக்கென்ன சண்டை? ஆனால் வர வேண்டிய வீடுகள் எங்காவது வந்துதானே ஆக வேண்டும்? எங்கள் செம்பனைத் தோட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயங்கள் போயின. எங்களுக்கென்று மிஞ்சியது சுடுகாடு ஒன்றுதான்.

அப்பாவை அங்கேதான் புதைத்தோம். சிமெண்டில் சமாதி கட்ட அங்கே யாருக்கு வசதி? தலைமாட்டில் பெயர் எழுதிய ஒரு மரக்கட்டை, கால்மாட்டில் ஒரு குரோட்டன் செடி, அவ்வளவுதான். தீபாவளிக்கு முதல் நாள் அம்மா அங்கே விளக்கேற்றி, அப்பாவுக்குப் பிடித்ததைப் படைப்பார்.

எந்த நிலத்தை விட்டுவைப்பது என்று பார்க்க அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. பெரிய மனிதர்கள் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? தோட்டத்துத் துரை வருகிறார் என்றால் கால்வாய் ஓரத்துக்குக்கூட சுண்ணாம்பு அடித்த கூட்டம். நான்தான் முன்னால் நின்றேன். ராவாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அல்லவா, வேலை வாங்கத் தெரியும். லாலாங் புல்லை வெட்டினோம். செடிகளை ஒட்ட நறுக்கினோம். கறையான் அரித்த கட்டைகளைப் பிடுங்கி, சாயம் பூசித் திரும்ப நடலாம் என்று ஓரமாக அடுக்கினோம். எது யாருடைய இடம் என்பதுதான் மனப்பாடமாயிற்றே! அப்பாவின் கட்டையை நானே பிடுங்கினேன்.

வந்த அதிகாரி மலாயில் பாராட்டினார், எவ்வளவு சுத்தம் என்று. சுடுகாடு என்றேன். சமாதிகள் எங்கே என்றார். அடுக்கியிருந்த கட்டைகளைக் காட்டினேன். அவர் வெறும் திடலைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு புதுக் குடியிருப்பின் வரைபடம் ஒட்டினார்கள். எங்கள் இடத்துக்குப் பச்சை நிறம். “பச்சைன்னா வீடு வராது லா, பயப்படாதீங்க,” என்று எல்லோரையும் தேற்றியவனும் நான்தான். ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரச் சொன்ன பாரத்தை ஒருவரும் தொடவில்லை.

வீடு வரவில்லை, உண்மைதான். குடியிருப்புக்குக் கட்டாயம் விட வேண்டிய திறந்தவெளி என்று எங்கள் சுடுகாட்டைக் காட்டிவிட்டு, மற்ற நிலம் முழுக்க ஒரு முழம் விடாமல் வீடு கட்டினார்கள். சுடுகாட்டில் செம்மண்ணைக் கொட்டி மட்டப்படுத்தி ஊஞ்சல் போட்டார்கள், சறுக்குமரம் போட்டார்கள். தடுக்கப் போனோம். ஆட்சேபம் ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். அடுக்கிவைத்த கட்டைகள் குப்பையோடு லோரியில் போயிருந்தன.

இந்தத் தீபாவளிக்கும் முதல் நாள் பிற்பகல் அம்மாவை அழைத்துப்போனேன். அம்மாவின் தட்டில் ஆட்டுக்கறியும் ஒரு டின் பீரும் இருந்தன.

“எந்த எடம்டா?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே புல். வெட்கமாக இருந்தது. சறுக்குமரத்தின் அடியைக் காட்டி, “இங்கதாம்மா,” என்றேன்.

அம்மா உட்கார்ந்தார். விளக்கை ஏற்றினார். டின்னைத் திறந்து வைத்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்:

“போன வருசம் ஊஞ்சலுகிட்டன்னு சொன்னியேய்யா.”