கருத்தில்லாத சொற்கள்

எட்டாம் ஆண்டில் படிக்கும்போது ஆங்கில தினப் போட்டிக்கு ஒரு கட்டுரை எழுதினேன். முதலிடம் கிடைத்தது. இதுவரை நான் எழுதியவற்றில் எழுதாமலே இருந்திருக்கலாம் என்று நினைப்பது அந்த ஒன்றைத்தான்.

ஆங்கில ரீச்சர் தந்தது சிரிப்பதற்கென்றே எழுதப்பட்ட ஒரு பழைய ஆங்கிலக் கவிதை. அதில் பாதிச் சொற்கள் அகராதியில் இல்லை. தேடிக் களைத்துப்போய் அவரிடமே கேட்டேன்.

"தேடாதீங்க மகள். அதுகளுக்குக் கருத்தே இல்ல, எழுதினவர் தானா உண்டாக்கின சொல்லுகள். அப்ப ஏன் நமக்குச் சிரிப்பு வருது? உங்கட வாழ்க்கையில இருந்து ஒரு உதாரணம் காட்டி எழுதுங்க."

உதாரணம் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்திருந்தது.

வாப்பா சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் ஏலம் கூறியவர். அலைச் சத்தத்துக்கு மேலால் அவருடைய குரல் கேட்கும். பாரிசவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு அவர் வாயிலிருந்து வேறு சொற்கள் வரத் தொடங்கின. தண்ணீர் வேண்டுமென்றால் 'பொலுக்கா' என்பார். என்னைக் கண்டால் 'திம்பிரி'. சில வேளை ஏலம் கூறுவதைப் போலவே ஏற்ற இறக்கத்தோடு நீளமாகக் கதைப்பார். ஒரு சொல்லும் விளங்காது. பார்க்க வந்தவர்கள், "பாவம், மூளையும் போயிட்டு" என்று அவர் முன்னாலேயே சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். கூட்டாளிகளை வீட்டுக்குக் கூட்டி வருவதை நான் நிறுத்தியிருந்தேன்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு விறாந்தையில் இருந்து கவிதையைச் சத்தமாக வாசித்தேன். வாப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். நான் நிறுத்தியதும் இடக்கையால் கதிரையைத் தட்டி, "திம்பிரி, திம்பிரி" என்றார். திரும்ப வாசித்தேன். மூன்று நாட்கள் அப்படி நடந்தது. அதையும் கட்டுரையில் சேர்த்துக்கொண்டேன்.

ரீச்சர் அதை வகுப்பில் வாசிக்கச் சொன்னார். வாப்பாவைப் போலவே வாயைக் கோணி 'பொலுக்கா' என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வாப்பாவால் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, முதன்முதலாக அவரால் ஒரு பெருமை கிடைத்தது.

சான்றிதழோடு வீட்டுக்கு வந்தபோது உம்மா என்னைக் கட்டிப்பிடித்தார்.

"வாப்பாக்கும் வாசிச்சுக் காட்டுங்க புள்ள. தமிழில சொன்னாத்தான் எனக்கும் விளங்கும்."

வாப்பாவின் முன்னால் நின்று வரி வரியாகத் தமிழில் சொன்னேன். "எங்கள் வாப்பாவும் அந்தக் கவிதையைப் போலத்தான். அவர் சொல்வது எதற்கும் கருத்தில்லை. கேட்டால் சிரிப்புத்தான் வரும்." வகுப்பில் செய்ததைப் போலவே வாயைக் கோணிக் காட்டினேன். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

"போதும், நிப்பாட்டுங்க" என்றார் உம்மா.

வாப்பா தலையைக் குனிந்து, வலது கை விரல்களை இடக்கையால் ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் தண்ணீருக்குக் குடத்தைக் காட்டினார். அதற்கடுத்த நாளும் காட்டினார். என்னைக் கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. கவிதையை எடுத்து வாசித்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மருந்து பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்து நான் ஆறுதலடைந்தேன். கூட்டாளிகளை வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்றுகூட யோசித்தேன்.

அடுத்த மாதம் கிளினிக்கில் டொக்டர் கேட்டார், "இப்ப கதைக்கிறாரா?"

"இல்ல டொக்டர். முந்தி என்னவெல்லாமோ கதைச்சார். இப்ப வாயே திறக்கிறாரில்ல" என்றார் உம்மா.

"அப்பிடி விடக்கூடாதே. நாம சொல்றதெல்லாம் இவருக்கு விளங்கும். சொல்லு மட்டும்தான் மாறி வருது. பிழையா வந்தாலும் கதைக்க விடுங்க. கதைச்சாத்தான் திரும்பி வரும்."

உம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மருந்து எடுக்க உம்மா வரிசையில் நின்றார். வாப்பாவை நான் வெளியே கூட்டி வந்தேன். படியில் இறங்கும்போது அவர் என் கையைப் பிடித்து இறுக்கினார். இறங்கி முடிந்த பிறகும் விடவில்லை. தான் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் பிடிக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.