கண்ணாடியின் உள்பக்கம்

இது நடந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. நான் குடிப்பவன் இல்லை. பேயை நம்பியவனும் இல்லை. இயற்பியலில் பட்டம் வாங்கி, திருத்தணியில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். தேதியும் நேரமும் என் கைபேசியில் பதிவாகியிருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் நேசகுமார். வயது முப்பத்தொன்று. அப்போது என் மனைவி ப்ளெஸ்ஸி இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. எங்கள் மகள் ஸ்வீட்லினுக்கு ஐந்து வயது. அரக்கோணத்தில் ப்ளெஸ்ஸியின் அக்கா தபிதாள் வீட்டில் இருந்தாள். இரண்டு முறை வீட்டுக்கு அழைத்து வந்தேன். இரண்டு முறையும் வாசலிலேயே நின்று அழுதாள். ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. அதற்குள் அவள் வராவிட்டால் அங்கேயே சேர்த்துவிடுவதாக அக்கா சொல்லிவிட்டார். சேர்த்துவிட்டால் பிறகு என்னிடம் வரமாட்டாள்.

அந்த மாதங்களில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டேன்.

மே 24, சனிக்கிழமை. கனகம்மாசத்திரத்தில் பங்காருவின் பழைய இரும்புக் கடையில் அதைப் பார்த்தேன். பின்பால் மெஷின். சாய்வான பெரிய மரப்பெட்டி, மேலே கண்ணாடி. பக்கப் பொத்தானை அழுத்தித் தட்டினால் உள்ளே இரும்புக் குண்டு ஓடும். முட்டும் இடத்தில் விளக்கு எரியும், மணி அடிக்கும். எண் சக்கரங்கள் சுழன்று புள்ளி ஏறும்.

“இன்னா நைனா, இதுவா வோணும்?” என்றார் பங்காரு. “ஒடைக்கச் சொன்னா பசங்க கிட்டயே போவ மாட்டேன்றானுங்க. அப்டி நாத்தம்.”

“ஓடுமா?”

“அம்பது வயசு ஆவுது அதுக்கு. அம்பத்தஞ்சுல எனக்கே முட்டி ஓடல. தூக்கிகினு போ, எடமாவது காலியாவும்.”

படம் எடுத்து அக்காவின் போனுக்கு அனுப்பினேன். ஸ்வீட்லின் போன் செய்தாள்.

“லைட்டு எரியுமாப்பா?”

“எரிய வெக்கிறேன்.”

“எரிஞ்சா வரேன்.”

எனக்கு இதில் அனுபவம் கிடையாது. இணையத்தில் படித்துப் படித்துச் செய்தேன். முதல் நாள் அடிப்பலகையைத் திறந்ததும் வாந்தி எடுத்தேன். எலிக்கூடு. கரப்பான் முட்டைகள். கிரீஸ் கெட்டு, மூக்குச்சளி போலத் தொங்கியது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மயிரை எதிர்பார்க்கவில்லை.

எண் சக்கரங்களின் அச்சில், சுருள்களின் இடுக்கில், ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் மயிர். குட்டை குட்டையாக, கறுப்பாக. ப்ளெஸ்ஸியின் புருவ இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒரு கைப்பிடி சேர்ந்தது. குப்பையில் போட்டேன்.

மறுநாள் திறந்தேன். மறுபடி மயிர்.

எலி இழுத்து வந்திருக்கும் என்று நினைத்தேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

அதோடு அந்த வாடை. இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது. மலையில் மொட்டையடித்து, குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு பேருந்தில் நம் பக்கத்தில் வந்து உட்காருவார்களே... அந்த வாடை. ஆனால் புளித்த வாடை. மூன்று நாள் மூடி வைத்த பழைய சோறு போல. நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் சந்தனம் கிடையாது.

கண்ணாடியில் ஒரு மஞ்சள் கறையும் இருந்தது. உள்ளங்கை அளவு, வட்டமாக, பிசுக்காக. முன்பக்கம், தாழ்வான இடத்தில். துடைத்தேன். போகவில்லை. பிறகுதான் புரிந்தது. கறை கண்ணாடியின் உள்பக்கம் இருந்தது.

கழற்றிக் கழுவினேன். மறுநாள் அதே இடத்தில் அதே கறை.

கையால் சாப்பிட முடியவில்லை. மூன்று முறை சோப்புப் போட்டும் விரலில் அந்தப் பிசுக்கு. கரண்டியால் சாப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை ரசம் சாதத்தில் ஒரு மயிர் நாக்கில் சிக்கியது. இழுத்தேன். குட்டையானது. ஈரம். அதன் பிறகு நான்கு நாளும் பிஸ்கட்தான்.

அப்படியும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வரவேண்டும். தினமும் தரையைக் கழுவிவிட்டு, அந்த ஈரத்திலேயே நின்று வேலை செய்தேன். தகடுகளைத் தேய்த்தேன். அறுந்த ஒயர்களை ஒட்டினேன்.

வெள்ளி மாலை 6:52. சுவிட்சைப் போட்டேன். எல்லா விளக்குகளும் எரிந்தன. குண்டு ஓடியது. மணி அடித்தது. கண்ணாடியைத் தாங்கும் முன்பக்க இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் ஆடினேன். வீடியோ அனுப்பினேன்.

“நாளான்னிக்குக் காலைல ரயில்ல கூட்டிகினு வரேன் தம்பி,” என்றார் தபிதாள் அக்கா. “இப்பவே பைய மாட்டிகினு சுத்துது. தூங்கவே மாட்டேன்றா.”

மே 31, சனிக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. மாலை ஐந்துக்குத்தான் வரும். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி மேலே வைத்திருந்தேன். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பகல் 12:10.

டக்.

எண் சக்கரம் ஒரு பல் நகரும் சத்தம். துடைக்கும்போது கையால் திருப்பி ஒரு வாரமாகக் கேட்ட சத்தம். தவறாக இருக்க முடியாது.

டக்... டக்.

கூடத்துக்கு வந்தேன். பிளக் மேலேயே இருந்தது. விளக்குகள் எரியவில்லை. ஆனால் குண்டு உருண்டுகொண்டிருந்தது. முட்டியது. திரும்பியது.

மணி அடித்தது.

பெட்டியின் இடது பக்கப் பொத்தான் உள்ளே போயிற்று. யாரோ விரல் வைத்து அழுத்தியது போல. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போயிற்று.

வெயில் கூடம் முழுக்க இருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

கண்ணாடியில் அந்த மஞ்சள் கறை. நான் பார்க்கும்போதே அகலமாயிற்று. நெற்றியை வைத்துத் தேய்ப்பது போல... இடமிருந்து வலம்.

உள்பக்கமிருந்து.

காசு போடும் ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதில் மயிர்த் துணுக்குகள்.

தரையைப் பார்த்தேன். மெஷினுக்கு முன்னால் ஈரத் தடங்கள். சின்னக் கால்கள். விரல்கள் மட்டும். குதிகால் இல்லை.

எட்டிப் பார்த்து ஆடும் உயரம்.

ஸ்வீட்லின் உயரம்.

டக். டக். டக். டக்.

நின்றது.

வெளியே ஓடி வந்து போன் செய்தேன். நேரம் 12:31.

“அக்கா, நாளைக்கு வரவேணாம்.”

“இன்னா தம்பி வெளையாடறீங்களா? கொழந்தைக்கு இன்னா சொல்றது நானு? இனிமே நீங்க கூப்ட்டாலும் அனுப்ப மாட்டேன். சொல்லிட்டேன்.”

போன் கை மாறியது.

“லைட்டு எரியலையாப்பா?”

“எரியல.”

அவள் வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு என்னோடு பள்ளியில் படித்த தணிகைவேலைக் கூப்பிட்டேன். எலக்ட்ரீசியன். நடந்ததைச் சொல்லவில்லை. பார்த்துச் சொல் என்றேன். பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டு, முன்பக்க இரும்புப் பட்டையில் டெஸ்டரை வைத்தான். எரிந்தது.

“டேய். முழு கரண்ட்டுடா. எத்தினி நாளா இதுல கை வெச்சிகினு இருக்க?”

“சுவிட்ச் போட்டது வெள்ளிக்கிழமை. அரமணி நேரம் புடிச்சிகினு ஆடினேன்.”

“செருப்பு போட்டுகினா?”

“வெறுங்கால். ஈரத்தரை.”

“பொய் சொல்லாத.”

அவன் தடுப்பதற்குள் பட்டைமேல் கையை வைத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் கையில் டெஸ்டர் எரிந்துகொண்டே இருந்தது.

தணிகைவேல் என் முகத்தையே பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டான்.

ஸ்வீட்லினை அரக்கோணத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை மெஷினை வண்டியில் ஏற்றி பங்காருவிடம் கொண்டுபோனேன். அவர் இறக்க விடவில்லை. விசாரித்து வைத்திருந்தார். மெதுவாகச் சொன்னார்.

“மலையடிவாரத்துல இத்த வெச்சி ஆட்டக்கடை நடத்திகினு இருந்தாங்களாம் நைனா. இருவது வருசத்துக்கு முன்ன. மொட்ட அடிக்கச் சொல்ல ஒரு புள்ள கத்திக்குப் பயந்து பாதித் தலையோட ஓடியாந்துச்சாம். தலையெல்லாம் தண்ணி, நெத்தி நெறையச் சந்தனம். நேரா வந்து இத்தப் புடிச்சிகிச்சி.”

“அப்பறம்?”

“லைட்டு எரியுது, மணி அடிக்குது. புள்ள நல்லா ஆடுதுன்னு எல்லாரும் சும்மா நின்னு பாத்துகினு இருந்தாங்களாம். பத்து நிமிசம்.”

அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டத் தொடங்கினேன்.

“அப்பங்காரன் வந்துதான் இழுத்தான். உசுரு போன புள்ளயக் கீழ கெடத்திட்டு, எனக்கும் அடிக்கட்டும்னு அந்த இரும்ப ரெண்டு கையாலயும் புடிச்சிகினு நின்னானாம். கரண்ட்டு ஓடிகினுதான் இருந்துச்சி.”

பங்காரு என் கைகளைப் பார்த்தார்.

“அடிக்கலியாம் நைனா.”