மருதமுனைக்கு அடுத்த தரிப்பிடம்

சொல்லைக் கொடுத்து, எடுத்து, பிறகு அதைத் திருப்பியும் கொடுத்த அல்லாஹ்வுக்கே எங்கள் முதல் நன்றி.

எங்கள் வாப்பாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு, வாப்பாவின் முகத்தை விட அவருடைய குரல்தான் கூடுதலாக நினைவிருக்கும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கும், மட்டக்களப்புக்கும், பின்னாளில் கொழும்புக்கும் ஓடிய பஸ்களில் அவர் கொண்டக்டராக இருந்தார். நான் அவருடைய இளைய மகள், பாலர் பாடசாலை ஆசிரியை. வீட்டில் அதிகம் அழுகிறவள் நான் என்பதால் இந்தக் கட்டுரையும் ஈரமாகத்தான் இருக்கும் என்று மூத்தவளான ராத்தா சொல்லிக்கொண்டிருக்கிறாள். அழவேண்டியதை அழுதாயிற்று. எழுத உட்கார்ந்தபோது மனதில் மிஞ்சியிருப்பது ஒரு பெரிய நிம்மதி. அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

வாப்பா பிறந்தது சாய்ந்தமருதில், கடலுக்குப் போகும் குடும்பத்தில். ஆனால் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோணியில் ஏற்றிய முதல் நாள் கரை மறையுமுன்னே குடலைப் பிடுங்கிப் போடும் அளவுக்கு வாந்தி எடுத்தாராம். பல தடவை ஏற்றிப் பார்த்தார்கள், பல தடவையும் அதே கதைதான். முயன்றால் எல்லாம் வரும் என்று நான் இங்கே எழுதமாட்டேன். வாப்பாவுக்குக் கடைசிவரை கடல் வரவேயில்லை, அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். "இவன் ஒண்டுக்கும் ஆகமாட்டான்" என்று அவருடைய வாப்பா சொன்னதைத்தான் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

உறவுக்காரர் ஒருவர் பஸ்ஸில் வேலை எடுத்துக் கொடுத்தார். அங்கே வேறு பிரச்சினை. வாப்பாவின் குரல் அப்போது கீச்சுக் குரலாம். "பின்னால ஆள் நிக்கிதா, பூனை நிக்கிதா?" என்று முதல் நாளே சாரதி கேட்டிருக்கிறார். பஸ் முழுக்கச் சிரித்ததாம். மறுநாளிலிருந்து வாப்பா அதிகாலையில் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போய், அலைச் சத்தத்துக்கு மேலாகத் தன் சத்தம் கேட்கும்வரை "காரைதீவு! நிந்தவூர்! அட்டாளைச்சேனை!" என்று கத்திப் பழகியிருக்கிறார். வலை இழுக்க வந்தவர்கள், மீனுக்கு பஸ் விடப்போகிறான் போல என்று பேசிக்கொண்டார்களாம். நீங்கள் அறிந்த அந்தக் குரல் அப்படி உண்டான குரல். யாரும் அவருக்குப் பிறப்பில் கொடுத்ததல்ல.

நம் ஊர் வழக்கப்படி வாப்பா மருதமுனைக்கு, உம்மாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். ராத்தாவும் நானும் பிறந்தோம். கொழும்புப் பாதையில் போகத் தொடங்கியபோது அவருக்குச் சிங்களம் தெரியாது. இறங்கவேண்டிய ஒரு வயதான அம்மாவிடம் "நகின்ன, நகின்ன" என்று சொல்லியிருக்கிறார். ஏறுங்கள் என்று அர்த்தம். அந்த அம்மா திகைத்து நிற்க, பஸ்ஸே குலுங்கிச் சிரிக்க, வாப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, சரியான சொல் என்ன என்று அந்த அம்மாவிடமே கேட்டுக்கொண்டார். "பஹின்ன" என்ற அந்தச் சொல்லைக் கொழும்பு வரும்வரை ஒவ்வொரு தரிப்பிடத்திலும் உரத்துச் சொல்லி மகிழ்ந்தாராம். பிழை விட்டுவிட்டோமே என்று வாப்பா முகம் சுருங்கி உட்கார்ந்ததை நாங்கள் கண்டதில்லை.

எங்களிடமும் அப்படித்தான். நான் ஸ்கூட்டி பழகும்போது வீதியோர வடிகானுக்குள் விழுந்தேன். உம்மா என் முழங்காலைப் பார்த்துக் கத்தினார், ராத்தாவின் கணவரான மச்சான் ஸ்கூட்டியைப் பார்த்துக் கத்தினார். வாப்பா மட்டும் பக்கத்தில் குந்தி, "எந்த இடத்தில பிழைச்ச, மகள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபமே இருக்காது. தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருக்கும். பிரேக் பிடிக்கும் இடத்தில் என்று நான் சொன்னதும், "அப்ப ஓட்டம் பிழையில்ல, பிரேக்தான் பிழை. வா, பிரேக்க மட்டும் பழகுவம்" என்றார்.

போன வருடம் எங்கள் ஆசிரியைகளுக்கு வளர்ச்சி மனப்பாங்கு என்ற தலைப்பில் ஒரு செயலமர்வு நடத்தினார்கள். திறமை என்பது பிறக்கும்போதே அளந்து கொடுத்து முடித்த ஒன்றல்ல, பழகப் பழக வளரும் என்று அரை நாள் விளக்கினார்கள். நல்ல விடயம்தான், மதியச் சாப்பாடும் குறையில்லை. ஆனால் எனக்கு அது வடிகான் ஓரத்தில் வைத்தே விளங்கிவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், எனக்குக் கலியாணம் பேசி முடித்த சில வாரங்களில், ஒரு காலையில் வாப்பா தேநீர்க் கோப்பையை நழுவவிட்டார். பக்கவாதம். கல்முனை ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். ஆனால் வலது கை விழுந்துவிட்டது, கதையும் போய்விட்டது. நாங்கள் சொல்வது எல்லாம் அவருக்கு விளங்கும். பதில் சொல்ல வாயைத் திறப்பார், சொல் வராது. ஊரெல்லாம் கேட்ட குரல் இருந்த இடத்தில் வெறும் மூச்சு. அந்த நாட்களில் அவருடைய கண்ணைப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இருக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு மிஸ். எண்ணச் சொன்னார், வரவில்லை. பெயர் கேட்டார், வரவில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு புறப்பட்டது. வாப்பா சட்டென்று நிமிர்ந்து, "கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர்" என்று மூச்சு விடாமல் சொன்னார். உம்மா, மூளையும் போய்விட்டது என்று நினைத்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார். மிஸ்ஸோ எழும்பி நின்று கைதட்டினார்.

"அழாதீங்க உம்மா. பழகின சொல்லு உள்ளுக்குப் பத்திரமா இரிக்கி. பாதை முழுக்க மூடல்ல. இதால உள்ளுக்குப் போய் மத்தச் சொல்லையும் கூட்டிட்டு வரலாம். ஒரு விசயம் மட்டும். ஐயா ஒரு சொல்லத் தேடேக்க ஆரும் முந்திச் சொல்லிக் குடுக்கப்படாது. எவ்வளவு நேரம் எண்டாலும் பொறுக்கோணும்."

பயிற்சியில் வாப்பாவை விட உம்மாவுக்குத்தான் கஷ்டம். கலியாணம் முடித்த நாள் முதல் வாப்பாவின் வசனங்களை முடித்துவைத்தே பழகியவர் அவர். வாப்பா "த... த..." என்று தொடங்கினால் போதும், தண்ணியா, தலகணியா, தலவலியா என்று உம்மா கடையையே விரித்துவிடுவார். அப்போது வாப்பா இடது கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டுவார். முன்பு ஓடும் பஸ்ஸில் ஏறப் பாய்கிறவர்களை அந்தக் கையால்தான் நிறுத்துவார்.

இதற்கிடையில் என் நிக்காஹ் நெருங்கியது. நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பாதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளின் பெயரைச் சொல்லி, நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் இன்னொருவரைப் பொறுப்பாக்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. மாப்பிள்ளையின் பெரியப்பா நல்ல மனிதர், எங்கள் சங்கடத்தைக் குறைக்க நினைத்துத்தான் கேட்டார்: "அவரக் கஷ்டப்படுத்தத் தேவல்ல. தம்பிக்காரன் சொல்லட்டுமே." வாப்பாவின் தம்பியான எங்கள் சாச்சாவும் தலையாட்டினார். வாப்பா இடது கையால் நெஞ்சில் அடித்தார். "நான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும், "நான்."

மௌலவியிடம் கேட்டோம். "மெதுவா வந்தாப் பிரச்சினல்ல. பேர் மட்டும் சரியா வரோணும்" என்றார்.

அந்தப் பெயர்தான் வரவில்லை. வசனம் சொல்லச் சொல்ல வந்தது, ஆனால் என் பெயர் வரவேண்டிய இடத்தில் ராத்தாவின் பெயர் வந்து உட்கார்ந்தது. காரணம் பிறகுதான் விளங்கியது. அந்த வசனத்தை வாப்பா வாழ்க்கையில் ஒரு தடவை, ராத்தாவின் நிக்காஹ்வில் சொல்லியிருக்கிறார். அது அந்தப் பெயரோடு சேர்ந்தே அவருக்குள் இறுகிக் கிடந்தது. மச்சானை மாப்பிள்ளை இடத்தில் உட்காரவைத்துப் பழகினோம். "எனது மகள் ஹஸீனாவ" என்று தொடங்குவார். "மாமா, அவள ஏலவே எனக்குத் தந்திட்டீங்க. திருப்பி எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்கப் போறீங்களா?" என்பார் மச்சான். வாப்பா இருமல் வரும்வரை சிரிப்பார். இன்னொரு நாள் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்றார். சிரித்தோம். ஆனால் எனக்கு இரண்டு கவலை. சபையில் ராத்தாவின் பெயர் வந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது இரண்டாவது கவலை. அதற்குப் பிறகு வாப்பா வாயைத் திறப்பாரா என்பதுதான் முதல் கவலை.

"எந்த இடத்தில பிழைக்குது வாப்பா?" என்று அவருடைய கேள்வியை அவரிடமே கேட்டேன். வாப்பா விரலால் என்னைத் தொட்டுக் காட்டினார். வசனம் பிழையில்லை, பெயர் மட்டும்தான்.

வழியைக் கண்டுபிடித்ததும் வாப்பாதான். ஒரு பின்னேரம், அஸர் நேரத்தில், முற்றத்துக் கதிரையில் இருந்து, கைப்பிடியில் தட்டித் தட்டி, "கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாடசாலையால் வந்து கேற்றைத் திறந்தேன். வாப்பா நிறுத்தினார். தேடினார். பிறகு, "றிஸ்மியா" என்றார்.

அடுத்த தரிப்பிடம் பெரிய நீலாவணை. அந்த ஊர்க்காரர் மன்னிக்கவேண்டும், அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பாதையில் மருதமுனைக்கு அடுத்து நான்தான் இருந்தேன். பழைய பாதையில் புதிதாக ஒரு தரிப்பிடம். தட்டித் தட்டிப் பழகினார். ஒரு நாள் வரும், மறுநாள் வராது, அதற்கு மறுநாள் இரண்டு தடவை வரும்.

நிக்காஹ் எங்கள் முற்றத்துப் பந்தலில் நடந்தது. நான் உள் அறையில் பெண்களோடு இருந்தேன். வெளியே நடப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. மௌலவி குத்பா உரையை முடித்தார். "இப்ப நீங்க சொல்லுங்க" என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பந்தலில் யாரோ செருமினார். ஒரு குழந்தை அழுதது. உம்மாவின் உதடு அசைவதைக் கண்டு நான் அவருடைய கையை இறுக்கிப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த உறவுக்கார மாமி ஒருவர் பொறுக்கமாட்டாமல், "தம்பிக்காரனச் சொல்லச் சொல்லுங்க புள்ள, எவ்வளவு நேரம்?" என்றார்.

உம்மா திரும்பினார். "பொறுங்க மாமி. அவர் தேடுறார்."

வாப்பாவின் வசனத்தை உம்மா முடித்துவைக்காத நாள் அது. சற்றுக் கழித்து, ஒலிபெருக்கியில் மெல்லிய முணுமுணுப்பு: "கல்முனை... பாண்டிருப்பு... மருதமுனை..." பந்தலில் சலசலப்பு எழுந்து அடங்கியது. அதன் பின் வாப்பாவின் குரல், நீங்கள் அறிந்த அந்தக் குரல், ஒவ்வொரு சொல்லாக வந்தது. "எனது மகள்... றிஸ்மியாவை... பேசப்பட்ட மஹருக்கு... உங்களுக்கு... நிக்காஹ் செய்து... தந்தேன்."

மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் அழுதுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வந்த சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. வாப்பா மைக்கில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் புறப்படலாம் என்பதற்குத் தட்டும் அதே இரண்டு தட்டு. பந்தல் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையின் பெரியப்பாதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாராம்.

வலது கை கடைசிவரை எழும்பவில்லை. வாப்பா இடது கையால் சவரம் செய்யப் பழகினார், கன்னத்தில் கீறல் இல்லாத நாள் குறைவு. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த என் கணவரோடு தினமும் பத்திரிகைத் தலைப்புகளை வாசித்தார். ஒரு தலைப்புக்கு அரை மணித்தியாலம் எடுத்தாலும் சுருட்டி வைக்கமாட்டார்.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை காலை. சுபஹ் தொழுகை முடிந்து நாங்கள் சுற்றி இருந்தோம். மூச்சு மாறுவதைக் கண்டு உம்மா வாப்பாவின் காதோடு குனிந்து, கலிமாவைச் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தார். அப்போது வாப்பாவின் இடது கை மெல்ல உயர்ந்து, உள்ளங்கையைக் காட்டியது. உம்மா நிறுத்திக்கொண்டார். நாங்கள் பொறுத்திருந்தோம். வாப்பா தேடி எடுத்து, தானே, முதலிலிருந்து முடிவுவரை சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்க முடியாமலே போய்விட்டார் என்று யாராவது அனுதாபப்பட்டால் உம்மாவுக்குக் கோபம் வருவது இதனால்தான். எங்கள் நிம்மதியும் இதுதான்.

அவரைத் தூக்கிச் சென்ற அயலவர்களுக்கும், பார்த்துப் பராமரித்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், பொறுமையைப் படிப்பித்த பாண்டிருப்பு மிஸ்ஸுக்கும், மௌலவி அவர்களுக்கும், மையித்தோடு அடக்கம் செய்யும் மையவாடிவரை நடந்து வந்த பஸ் நிலையத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நெரிசலில் வாப்பா யாரையாவது அதட்டி முன்னுக்குத் தள்ளியிருந்தால், அவருக்காக மன்னித்து, ஒரு துஆவும் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. எங்கள் வீட்டுக்கு வந்து, ஆறுதலாக என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலில் தடுமாறியவர்கள் பலர். இனி வருகிறவர்களும் தடுமாறலாம். அவசரப்படாதீர்கள். உட்கார்ந்து, ஆறுதலாகத் தேடுங்கள். நாங்கள் பொறுத்திருப்போம், வாப்பா எங்களை அதற்குப் பழக்கிவிட்டுத்தான் போயிருக்கிறார்.