தூசிக்கும் சாம்பிராணிக்கும் நடுவில்

எங்கள் பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் ஒரு காலம் மீனோடு மீனாக என் கரடிப் பொம்மையும் கிடந்தது. உம்மாதான் அதைப் பொலித்தீன் பையில் போட்டு, முடிச்சு இறுக்கி, உள்ளே தள்ளியிருந்தார். பொம்மைக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறதாம், குளிரில் கிடந்தால் சாகுமாம். கடலுக்குப் போய்வந்த வாப்பா பாரைத் துண்டை வைக்க ஐஸ் பெட்டியைத் திறந்துவிட்டு, "கரடிய ஐஸ்ல போட்டா மீன நான் எங்க போடுற, கட்டில்லயா?" என்று கத்தினார். "கட்டில்ல போடாதீங்க, இப்பதான் துடைச்ச" என்றார் உம்மா. பகடிக்கு இல்லை, உண்மையாகவே சொன்னார்.

உம்மா வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த புதிது அது. அவர் போன பிறகு, வாப்பாவோடு கூடப்பிறந்த ராத்தாவும் உம்மாவுக்கு மச்சியுமான என் மாமி கிண்ணியாவிலிருந்து வந்து எங்களோடு தங்கி என்னை வளர்த்தார். துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த அந்த வீடு உம்மாவின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆனால் திரும்பி வந்த உம்மா, தன் குசினியில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறதென்று மாமியிடம் கேட்டுத்தான் எடுத்தார். நானும் தலை வாருவதென்றால் சீப்பை எடுத்துக்கொண்டு மாமியிடம்தான் ஓடுவேன். உம்மா பார்த்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு மூச்சு அடைக்கிற முட்டு வருத்தம் இருந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இழுக்கும். வெளிநாட்டிலிருந்த உம்மாவிடம் தொலைபேசியில் அதைச் சளி என்று சொல்லிச் சமாளித்திருந்தார்கள். உம்மா வந்த கிழமையே நேரில் கண்டுவிட்டார். தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடினார். தூசிதான் காரணம், மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாவற்றையும் பாருங்கள் என்றார் டொக்டர். உம்மாவின் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும் டொக்டர். நான் வேலை செஞ்ச வீட்டுலயும் ஒரு புள்ளைக்கு இதே வருத்தம். நான்தான் அவளப் பாத்த" என்றார். முகம் தெரியாத அந்தப் பிள்ளையை எனக்கு அந்த நிமிடமே பிடிக்காமல் போயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சாமானும் வைத்த இடத்தில் இருந்ததில்லை. இலவம்பஞ்சுத் தலையணைகள் வெளியே போயின. உம்மா எனக்கென்று ஆசையாகக் கொண்டுவந்த, புலிப்படம் போட்ட கம்பளிப் போர்வையும் போயிற்று. நான் அழுது உருண்டு பார்த்தேன், பலிக்கவில்லை. படுக்கை விரிப்புகள் கொதிதண்ணீரில் வெந்தன. அலுமாரியை இழுத்துப் பின்பக்கம் துடைத்தார். ஃபேன் தகடுகளைத் துடைக்கக் கதிரைக்கு மேல் கதிரை வைத்து ஏறினார். தும்புத்தடியால் கூட்டினால் தூசி கிளம்புமென்று அதற்குத் தடை, ஈரத்துணி மட்டும்தான். "இவ்வளவு நாளும் நான் கூட்டின வீட்டுலதானே புள்ள வளந்த?" என்று மாமி முணுமுணுத்தார். உம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். இருந்து ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்க மாட்டார். பார்க்கிற எனக்கே கால் உளையும்.

இத்தனைக்கும் பிறகு வியாழக்கிழமை வரும். பொழுதுபட, மஃரிப் தொழுகைக்கு முதல், மாமி சிரட்டைக் கரியைத் தணலாக்கி, சட்டியில் போட்டு, சாம்பிராணியைத் தூவி, அறை அறையாகக் கொண்டுபோவார். எனக்கு அது பெருநாள் மாதிரி. ஓலை விசிறியால் நான்தான் தணலை விசிறுவேன். புகையை அழுக்கென்று எங்கள் ஆட்கள் எவராவது நினைப்பார்களா? குளித்த பிறகு அத்தர் பூசுவது போல, கழுவின வீட்டுக்குச் சாம்பிராணி. உம்மா எவ்வளவு துடைத்தாரோ மாமி அவ்வளவு தாராளமாகப் போட்டார். துப்புரவான வீட்டில்தான் மணம் நிற்கும் என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் உம்மாவுக்கு என்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகவேண்டி வரும். ஒரு வியாழன் கடற்கரை. இன்னொரு வியாழன் ஓர்ஸ் ஹில்லில் இருந்த சிநேகிதி வீடு. ஒன்றுமே அகப்படாவிட்டால் நிலாவெளி பஸ்ஸில் ஏறி, அங்கே இறங்கி, அதே பஸ்ஸில் திரும்பி வருவது. "என்னத்துக்கு இப்ப?" என்று நான் காலை உதைத்து அழுவேன். வெளிநாட்டுக்குப் போனவர்களின் கால் வீட்டில் தரிக்காது என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பினேன். உம்மாவுக்கு எங்கள் வீடும் பிடிக்கவில்லை, எங்கள் மாமியையும் பிடிக்கவில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

பிறகு மாரி தொடங்கியது. ஒரு வியாழன் மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. வெளியே போக ஏலாது. ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது. வீடு ஈரமாய் இருக்கிறதென்று மாமி இன்னும் ஒரு பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டார். உம்மா எழும்பினார், இருந்தார், மறுபடி எழும்பிக் கதவைத் திறந்தார். சாரல் அடித்ததால் மாமி அதைச் சாத்தினார். உம்மா ஈரத்துணியை எடுத்து, காலையில் துடைத்த மேசையை மறுபடி துடைக்கத் தொடங்கினார். நான் விசிறிக்கொண்டு இருந்தேன். விசிறி கையிலிருந்து விழுந்தது தெரியும். மூச்சு உள்ளே போகவில்லை, அதுவும் தெரியும். யா அல்லாஹ், செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன்.

மழைக்குள் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்கச் செய்தார்கள். உம்மா தலைமாட்டில், மாமி என் காலைப் பிடித்தபடி. டொக்டர் கேட்டார்: "வீட்டுல புகை ஏதும் போட்டீங்களா?"

"இல்ல டொக்டர். தூசிதான்" என்றார் உம்மா, உடனே.

மூன்று பேர் உடுப்பிலும் சாம்பிராணி மணக்க மணக்கச் சொன்ன பொய் அது. டொக்டர் மூக்கைச் சுருக்கினார். மாமிதான் வாயைத் திறந்தார்: "நான்தான் சாம்பிராணி போட்ட டொக்டர். கூடாதா?"

கூடவே கூடாது, வீட்டை எவ்வளவு துடைத்தும் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டு டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். மாமி உம்மாவையே பார்த்தார். "ஒனக்கு இது தெரியுமா மச்சி?"

உம்மா முந்தானையால் கட்டில் கம்பியைத் துடைத்தார். "அந்த வீட்டுல புகையே போட உட மாட்டாங்க" என்றார் மெல்ல.

"அப்ப ஏன் புள்ள இவ்வளவு நாளும் வாயத் திறக்கல்ல?"

"நீங்க வளத்த புள்ள மச்சி. நான் எப்பிடி உங்களுக்குச் சொல்ற?"

எனக்கு அந்தக் கதை முழுவதும் கேட்டது. மூச்சு வந்ததும் நான் செய்த முதல் வேலை, உம்மா டொக்டரிடம் பொய் சொன்னா என்று வாப்பாவிடம் கோள் சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மாமி தன் பையை எடுத்து உடுப்புகளை அடுக்கினார். "என்னாலதானே புள்ளைக்கு இப்பிடி. நான் கிண்ணியாக்குப் போறன்" என்றார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு குழறினேன். மாமி ளுஹர் தொழ நின்ற நேரம் உம்மா அந்தப் பையைத் திறந்து, உள்ளே இருந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய்க் கொதிதண்ணீருக்குள் போட்டார்.

"புகை மணம் போகணும் மச்சி. புள்ளைக்குக் கூடாதே. காஞ்ச பொறகு போங்க" என்றார்.

மாரியில் எங்கே காய்வது? மாமி உம்மாவின் வெளிநாட்டுக் கவுனைப் போட்டுக்கொண்டு, அதன் கீழ்க்கரை தரையில் இழுபட, நடந்து திரிந்தார். வெயில் சற்று எட்டிப் பார்த்து, கொடியில் கிடந்த உடுப்பு உலரப் பார்த்தால், உம்மா தொட்டு மணந்துவிட்டு, "இன்னும் மணக்குது" என்று மறுபடி வாளிக்குள் அமுக்குவார். நானும் மணந்து பார்த்தேன். சவுக்கார மணத்தைத் தவிர ஒன்றுமே இல்லை.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மாமியிடம் ஓடிப்போய், "உம்மாக்கு விசர் மாமி! கழுவின உடுப்பையே திரும்பத் திரும்பக் கழுவுறா" என்று முறையிட்டேன்.

"ஓம் மகள், கழுவட்டும்" என்று சொல்லி மாமி அந்தக் கவுனின் கையால் கண்ணைத் துடைத்தார். நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன். போக ஆசைப்பட்ட மனிசியை உம்மா போக விடாமல் வைத்துக்கொண்டு அழவைக்கிறா என்றுதான் நினைத்தேன்.