மயில் வரிசையின் கால்கள்

இந்நிகழ்ச்சியை எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அம்மாவின் சொல்லில் நான் பந்தயத்தில் வென்றேன். அப்பாவின் சொல்லில் சித்தப்பா என்னை அடித்தார். இரண்டும் நடக்கவில்லை. ஆகவே நான் கண்ணால் கண்டதையும், சித்தியின் பெட்டியில் இன்றும் இருக்கும் கூறைப்புடவை சான்று சொல்வதையும் மட்டுமே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்த வாரச் சனிக்கிழமை, பள்ளியின் ஓட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாள். ஓடினால் உள்ளங்கால் எரிகிறது என்று நான் சொன்னதால், அம்மா செவ்வாயன்று என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் என் காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் பதிக்கச் சொன்னார். நடுவில் வளைவே இன்றிப் பாதம் முழுவதும் பதிந்தது.

“தட்டைக் கால்மா. ஷூவுக்குள்ள தாங்குறாப்போல அட்டை வெக்கணும். அளவெடுத்துச் செஞ்சு வர பத்து நாள் ஆவும். அதுவரைக்கும் ஓடக்கூடாது.”

பத்து நாள் என்றதற்குப் பின் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அட்டை என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது.

நெசவாளர்கள் வாழும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறி உள்ள வீட்டில் அட்டைக்கா குறை? தறிக்கு மேலே, துளையிட்ட அட்டைகள் கயிற்றில் கோத்துத் தொங்கும். புடவையில் விழும் உருவத்தில் ஓர் அட்டைக்கு ஒரு வரி. சித்தப்பா அப்போது தம் திருமணத்துக்குத் தாமே கூறைப்புடவை நெய்துகொண்டிருந்தார். முந்தானைக்குரிய அட்டைக் கட்டு தறியருகே சுருட்டிக் கிடந்தது. பழைய கட்டென்று எண்ணினேன். ஓரத்தில் எடுத்தால் தெரிந்துவிடும் என்று மிகுந்த புத்திசாலித்தனத்தோடு நடுவிலிருந்து பதினாறை உருவி, கயிற்றை இழுத்துக் கட்டினேன். பாதத்துக்கு எட்டாக வெட்டி ஒட்டிக் காலணிக்குள் செருகினேன். இரண்டு நாள் அவற்றோடு கூடத்துக்கும் வாசலுக்கும் ஓயாமல் நடந்தேன். எரிச்சல் குறையவில்லை, உள்ளங்காலில் புள்ளி புள்ளியாகத் துளைகள் பதிந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மாலை தறியின் ஓசை நின்றது. தலையிலிருந்து இறங்கிவந்த முதல் மயில் வரிசை, உடலோடு முடிந்திருந்தது. சித்தப்பா அட்டைக் கட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து என் காலணியைக் கவிழ்த்தார்.

“மயிலுங்க காலையெல்லாம் புடுங்கிக்கினு நீ ஓடப் போறியா?”

“நாளைக்கு செலக்சன், சித்தப்பா. டாக்டர்தான் அட்டை வெக்கச் சொன்னாரு.”

அவர் அட்டையை விரலால் தடவினார். “தட்டைக் காலுக்குத் தட்டை அட்டை இன்னாத்துக்குமா? நடுவுல மேடு வோணாமா?”

அழுதேன். பயனில்லை. காலணியை எடுத்துப்போய்த் தறிக்குழியில், தம் காலடியிலேயே வைத்துக்கொண்டார். சனிக்கிழமை முழுவதும் அவருடைய கால் மிதிக்கும் ஒவ்வொரு ஓசையும் எனக்கு யாரோ ஓடுவதாகவே கேட்டது. என் வகுப்புத் தோழி தேர்வானாள்.

பத்தாம் நாள் உண்மையான அட்டை வந்தது. நடுவில் மேடும் குதிகாலுக்குப் பள்ளமும் இருந்தன. சித்தப்பா திருப்பித் தந்த காலணியில், வாங்கும்போதே இருந்த உள்ளட்டையை எடுக்காமல் அதன்மேல் வைத்தேன். குதிகால் வெளியே வழுக்கியது. சித்தப்பாதான் பழையதை உருவி எறிந்தார். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் சிறிது கூட்டி, நடந்து பழகிய பின்னரே ஓட்டம் என்பது மருத்துவர் கட்டளை. நேரம் முடிந்ததும் தறியிலிருந்து குரல் வரும்: “போதும், கழட்டு. காலு உன்னுதுதான், எங்கியும் ஓடிடாது.”

மறு ஆண்டு அணியில் இடம் கிடைத்தது. இன்றும் ஓடுகிறேன்; அட்டை தேய்ந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

சித்தப்பா அந்த வெள்ளிக்கிழமை இரவே புதிய அட்டைகள் குத்தி வாங்கிவந்து முந்தானையைத் தொடர்ந்து முடித்தார். அதில் இரண்டாம் வரிசை முதல் மயில்களுக்குக் கால்கள் உண்டு. முதல் வரிசைக்கு இல்லை. சித்தி அதையே மணமேடையில் உடுத்தினார். யாராவது கேட்டால், “அதுங்க காலு ஓடப் போயிருக்குது” என்பார். அந்த வரிசையை விட்டுவைத்தது எனக்கான தண்டனை என்றே அன்று நினைத்து, திருமணம் முழுவதும் முந்தானையைப் பாராமல் இருந்தேன்.

நான்கு விரல் அளவு பிரித்தால் அந்த வரிசையை மறுபடி நெய்திருக்கலாம்; அதற்கு நேரமும் இருந்தது. சித்தப்பா ஏன் பிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.